கணக்குக் கேட்கும் குடிமக்கள்
கென்ய நாட்டுக் கவுண்டி அரசுகளின் வரவு செலவும் மக்கள் மேற்பார்வையும் — ஒரு திறனாய்வு

மக்களாட்சியின் மேன்மையைப் பேசுவோர் பெரும்பாலும் வாக்குரிமையைப் பற்றியே பேசுவர். வாக்குரிமையோ ஐந்தாண்டுக்கு ஒருநாள் வந்து போவது. ஒரு தேர்தல் நாளுக்கும் அடுத்த தேர்தல் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு நாட்கள் கிடக்கின்றன. அந்நாட்களிலெல்லாம் மக்களின் வரிப்பணம் கருவூலத்திற்கு வந்தவண்ணமும் அங்கிருந்து போனவண்ணமும் இருக்கிறது. அதனைப் பார்க்கவும் கேட்கவும் மக்களுக்கு வழியிருக்கிறதா என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் மக்களாட்சியை எடைபோடுதல் வேண்டும்.

இவ்வகையில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க நாடு கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா. 2010 ஆகஸ்ட் 4-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் புதிய அரசமைப்புச் சட்டம் ஒன்றை ஏற்றனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 27-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாடு 47 கவுண்டிகளாக வகுக்கப்பட்டது. கவுண்டியை வெறும் நிருவாகப் பிரிவு என்று கொள்ளலாகாது. அதற்கு மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் ஆளுநர் உண்டு; சட்டமன்றம் உண்டு; தனக்கெனத் தனி வரவு செலவுத் திட்டமும் உண்டு. மருத்துவ நிலையங்கள், உள்ளூர்ச் சாலைகள், குடிநீர், வேளாண்மை, பாலர் கல்வி ஆகியவை அதன் பொறுப்பு. 2013 மார்ச்சுத் தேர்தலுக்குப்பின் இவ்வரசுகள் இயங்கத் தொடங்கின. நடுவண் அரசு தன் வருவாயிலிருந்து இவற்றுக்குப் பகிர்ந்தளித்த பொதுப்பங்கு 2013–14 நிதியாண்டில் 19,000 கோடி ஷில்லிங். 2025–26 நிதியாண்டுக்கு அது 41,500 கோடி ஷில்லிங்காக உயர்ந்தது.

இத்துணைப் பெரும் பணத்தை மக்கள் கண்காணிப்பதற்கு அந்நாடு வகுத்த ஏற்பாடுகள் யாவை? அவை எங்கே நின்று பயன் தருகின்றன? எங்கே வெறுஞ் சடங்காய்ப் போகின்றன? இவற்றை நடுநிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நிலை

கவுண்டிகள் தோன்றுமுன்பே கென்யாவில் மக்கள் மேற்பார்வைக்கு வித்து ஊன்றப்பட்டிருந்தது. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் வருமான வரியின் ஒரு பங்கு நகராட்சிகளுக்கும் கவுன்சில்களுக்கும் ஒதுக்கப்பட்டது. அப்பணத்தைச் செலவிடும் திட்டங்களில் மக்கள் கருத்தைக் கேட்டாகவேண்டும் என்ற விதி 2001-இல் வந்தது. 2003-இல் தொகுதி வளர்ச்சி நிதி என்ற ஒன்று ஏற்பட்டு, அரசு வருவாயில் நூற்றுக்கு 2.5 பங்கு நாடாளுமன்றத் தொகுதிகளுக்குச் சென்றது.

பணம் ஊருக்கு வந்தது. கணக்கு வரவில்லை. அந்நிலையில்தான் 2007-இல் மொம்பாசா நகரில் மனித உரிமை அமைப்பு ஒன்று சமூகத் தணிக்கை என்னும் முறையைக் கையாண்டது. இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்து உழைப்பாளிகள் 1990-களில் வளர்த்தெடுத்த முறை அது. முதலில் தொகுதி நிதியின் ஏடுகளைக் கேட்டுப் பெறுவது. அவற்றைப் படிக்க உள்ளூர் மக்களைப் பழக்குவது. பிறகு ஏட்டில் எழுதியிருக்கும் கட்டடத்தையும் கிணற்றையும் நேரில் போய்ப் பார்ப்பது. முடிவில் பொதுமன்றம் கூட்டிப் பொறுப்பாளர்களை மக்கள் முன் விடை சொல்லச் செய்வது. ஏட்டையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இம்முறையின் உயிர். இதனை வாசகர்கள் நினைவில் இருத்தவேண்டும். பின்னர் வரும் நம் திறனாய்வுக்கு இதுவே அளவுகோல்.

சட்டத்தின் சிறப்பு

குறை காண்பதற்கு முன் நிறை காண்பது திறனாய்வின் அறம். ஏட்டளவில் பார்த்தால், பொதுப்பணத்தைப் பற்றிய கென்யச் சட்டங்கள் பல முதிர்ந்த மக்களாட்சி நாடுகளும் கண்டு வியக்கத்தக்கவை.

அரசமைப்பின் 201-ஆம் பிரிவு, பொதுநிதித் துறையில் வெளிப்படையும் பொறுப்பும் மக்கள் பங்கேற்பும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. 35-ஆம் பிரிவு, அரசிடமுள்ள செய்தியைப் பெறும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. 2016-இல் வந்த தகவல் பெறும் சட்டம், கேட்ட செய்திக்கு 21 நாட்களுக்குள் விடையளிக்கவேண்டும் என்கிறது. 196-ஆம் பிரிவு கவுண்டிச் சட்டமன்றம் திறந்த மன்றமாக நடக்கவேண்டும் என்கிறது.

2012-ஆம் ஆண்டுப் பொதுநிதி நிருவாகச் சட்டம் ஓராண்டுக்குரிய நாட்காட்டியையே வரைந்து தருகிறது. நிதியாண்டு சூலை முதல்நாள் தொடங்கும். அதற்கு முந்திய செப்டம்பர் முதல்நாளுக்குள் ஆண்டு வளர்ச்சித் திட்டம் மன்றத்தின் முன் வரவேண்டும். பிப்ரவரி 28-க்குள் நிதிக் கொள்கை அறிக்கை; ஏப்ரல் 30-க்குள் வரவு செலவு மதிப்பீடு. பணம் செலவாகத் தொடங்கிய பின், ஒவ்வொரு காலாண்டு முடிந்து ஒரு திங்களுக்குள் செலவறிக்கை வெளிவரவேண்டும். மொத்தத் திட்டத்தில் நூற்றுக்கு முப்பது பங்கேனும் வளர்ச்சிப் பணிகளுக்குப் போகவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை.

இவற்றுக்கு மேல் இரண்டு காவலர்களை அரசமைப்பு அமர்த்தியிருக்கிறது. ஒருவர் வரவு செலவுக் கட்டுப்பாட்டாளர். அவருடைய இசைவின்றிக் கவுண்டிக் கருவூலத்திலிருந்து ஒரு ஷில்லிங்கும் எடுத்தல் இயலாது. மற்றவர் தலைமைத் தணிக்கையர். நிதியாண்டு முடிந்து ஆறு திங்களுக்குள் அவர் கணக்கை ஆய்ந்து அறிக்கை தரவேண்டும். அதன்பின் மூன்று திங்களுக்குள் மன்றம் அதனை ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கவேண்டும்.

நீதிமன்றமும் உறங்கவில்லை. கியாம்பு கவுண்டி 2013-இல் இயற்றிய நிதிச் சட்டம் பல புதிய கட்டணங்களை விதித்தது. மக்களைக் கலந்து செய்யவில்லை என்று வழக்குத் தொடரப்பட்டது. நாளிதழில் விளம்பரம் இட்டோம் என்றது அரசு தரப்பு. அதுமட்டும் கலந்தாய்வு ஆகாது என்று உயர்நீதிமன்றம் 2014-இல் அச்சட்டத்தையே செல்லாததாக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் அம்முடிவை உறுதி செய்தது. மக்கள் பங்கேற்பு என்பது பெயருக்குச் செய்யும் சடங்கு அன்று என்ற கொள்கை இவ்வாறு நாட்டின் சட்டமாய் நிலைபெற்றது.

முன்வாயிலும் பின்வாயிலும்

இனிக் குறைகளைக் காண்போம். மேற்சொன்ன நாட்காட்டியைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மக்களைக் கூட்டமாக அழைத்துக் கருத்துக் கேட்கும் நிகழ்ச்சிகள் எல்லாம் பணம் செலவாவதற்கு முன்னரே நடைபெறுகின்றன. திட்டம் வகுக்கும்போது கூட்டம், கொள்கை அறிக்கைக்குக் கூட்டம், மதிப்பீட்டுக்குக் கூட்டம். பணம் கருவூலத்தை விட்டுப் புறப்பட்டபின் மக்களுக்கு எஞ்சுவது அறிக்கை ஒன்றே. அதாவது, விருப்பம் தெரிவிக்கும் முன்வாயிலில் மக்களுக்கு நாற்காலி போடுகிறார்கள். பணம் வெளியேறும் பின்வாயிலில் அவர்களுக்கு நிற்கவும் இடமில்லை.

இதன் விளைவு என்ன? கூட்டத்திற்கு வருவோர் எங்களுக்குச் சாலை வேண்டும், மருந்தகம் வேண்டும், கிணறு வேண்டும் என்று பட்டியல் தருகின்றனர். மறு ஆண்டும் வந்து அதே பட்டியலைத் தருகின்றனர். சென்ற ஆண்டு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்ற கேள்விக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. அது அடுத்த ஆண்டைப் பற்றிய கூட்டம் அன்றோ! கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் பிறகு வருவதில்லை. வராதவர்களைக் காட்டி, மக்களுக்கு அக்கறை இல்லை என்று அதிகாரிகள் சொல்லத் தலைப்படுகின்றனர்.

இரு காவலர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் செய்யக்கூடியது எது, செய்யமுடியாதது எது என்று பகுத்தறிய வேண்டும். கட்டுப்பாட்டாளர் பார்ப்பது, பணம் எடுப்பது சட்டத்திற்கு இசைந்ததா என்பதை. அப்பணத்தில் போட்ட சாலை மழைக்குத் தாங்கியதா என்பது அவர் மேசைக்கு வராது. தணிக்கையரோ ஆண்டு முடிந்தபின் வருபவர். எல்லாரும் தத்தம் காலக்கெடுவைத் தவறாமல் காத்தாலும், சூன் திங்களில் முடிந்த ஆண்டின் கணக்கு மன்றத்தில் பேசி முடிவதற்கு அடுத்த மார்ச்சு ஆகிவிடும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊரில் வேறு வேலை தொடங்கியிருப்பார். திருடன் போனபின் கதவை ஆய்வதும் ஒரு வேலைதான். காவல் என்று அதனைச் சொல்லமுடியாது.

நேர்மையாய் வேலை செய்து பொருள் கொடுத்தவர்களின் நிலையோ வேறு. 2024 சூன் இறுதியில் 47 கவுண்டிகளும் கொடுக்கவேண்டி நின்ற பாக்கி 15,000 கோடி ஷில்லிங்குக்கு மேல். மருந்து கொடுத்தவரும் மணல் ஏற்றியவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். கணக்கு மக்கள் கண்ணில் படாத இடத்தில், யாருக்கு முதலில் பணம் கொடுப்பது என்பதும் ஒருவருடைய தனிச்சலுகை ஆகிவிடுகிறதன்றோ?

பார்ப்பவரே செய்பவராதல்

இரண்டாவது குறை அமைப்பிலேயே உள்ளது. பொதுநிதிச் சட்டத்தின் 137-ஆம் பிரிவு, ஒவ்வொரு கவுண்டியிலும் வரவு செலவு மற்றும் பொருளாதார மன்றம் ஒன்று அமையவேண்டும் என்கிறது. தொழில் வல்லுநர், வணிகர், தொழிலாளர், மகளிர், உடற்குறையுடையோர், முதியோர், சமய அமைப்பினர் ஆகியோரின் சார்பாளர்கள் அதில் இடம்பெறுவர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மன்றத்தின் தலைவர் யார்? ஆளுநரே! அவருடைய செயற்குழு உறுப்பினர் அனைவரும் அதில் உறுப்பினர். அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரே மக்கள் தரப்பிலிருந்து வருவர். இரு தட்டும் சமமாய் நிற்கும் தராசில் ஆளுநரின் நாற்காலி ஒரு பக்கம் ஏறிக்கொள்கிறது. எவருடைய செலவைப் பார்க்கவேண்டுமோ அவரே கூட்டத்தைக் கூட்டுகிறார். நிகழ்ச்சி நிரலையும் அவரே வகுக்கிறார். தேர்வு எழுதும் மாணவனே விடைத்தாளைத் திருத்தினால் தேறாதவர் யார்?

கவுண்டிச் சட்டமன்றத்திலும் இதே நோய் வேறு வடிவில் காணப்படுகிறது. நாடு முழுதும் 1,450 வட்டங்கள் உள்ளன. வட்டத்துக்கு ஓர் உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களுடைய தலையாய கடமை ஆளுநரின் செலவைக் கண்காணிப்பது. ஆயினும் பல கவுண்டிகளில் உறுப்பினர்கள், எங்கள் வட்டத்துக்கென்று தனிநிதி ஒதுக்குக என்று கேட்டுப் பெறலாயினர். நிதி கையில் வந்தபின் நாவில் கேள்வி எழுவது அரிது. தானும் செலவு செய்பவன் பிறனுடைய செலவை எங்ஙனம் வினவுவான்? நடுவண் நிலையில் இத்தகைய நிதிக்கு வழிசெய்த 2013-ஆம் ஆண்டுத் தொகுதி வளர்ச்சி நிதிச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று கென்ய உச்சநீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றிக் கண்காணிப்போர் தாமே பணிகளை நடத்தலாகாது என்பது அத்தீர்ப்பிலிருந்து பெறத்தக்க பாடம். அப்பாடம் கவுண்டி மன்றங்களுக்கும் பொருந்தும்.

எண்ணும் பொருளும்

மூன்றாவது குறை மொழியைப் பற்றியது. கென்யாவின் தேசிய மொழி சுவாகிலி. ஆட்சிமொழிகள் சுவாகிலியும் ஆங்கிலமும். சிற்றூர்களில் மக்கள் பேசுவதோ கம்பா, கிக்குயு, லுவோ முதலிய தத்தம் தாய்மொழிகள். வரவு செலவு ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நூற்றுக்கணக்கான பக்கங்களாய் வெளிவருகின்றன. மொழியை அறிந்தவருக்கும் அவை எளிதில் விளங்கா. செலவைத் திட்டவாரியாகத் தொகுத்துக் காட்டும் முறையைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நோக்கம் நல்லதே, எந்தப் பயனுக்காக எவ்வளவு என்று காட்டும் முறை அது. ஆயினும் தொகை மட்டும் இருந்து ஊர்ப்பெயர் இல்லாதபோது, எந்த மருந்தகம், எந்தச் சாலை என்று குடிமகன் எப்படி அறிவான்? தடுப்பு மருத்துவம் என்ற தலைப்பில் இத்தனை கோடி என்று இருந்தால், அதனைச் சரியென்றும் சொல்லமுடியாது, தவறென்றும் சொல்லமுடியாது.

இது கல்வி பற்றிய செய்தி. ஆசிரியன் என்ற முறையில் சிறிது சொல்ல இடமுண்டு. எங்கள் தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்தில் கணக்கைத் தொகையாக வாசித்தால் அவை அமைதியாயிருக்கும், கைதட்டி நிறைவேற்றிவிடுவர். அதே கணக்கைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, குழாய் இரண்டு, வேலிக்கம்பம் இருபது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் கதை வேறாகும். செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கும் ஓர் அம்மையார் எழுந்து, “குழாய் ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க சார், நான் ஒன்னுதானே பார்த்தேன்?” என்றார். மற்றொன்று பாலர் வகுப்பின் பின்புறம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் நாலைந்து தாய்மார் போய்ப் பார்த்துவிட்டு வந்தனர். அவ்வம்மையார் நான்காம் வகுப்போடு நின்றவர். கணக்குத் தெரியாதவர் என்று அவரை யார் சொல்லமுடியும்? எண்ணைப் பொருளாக மாற்றிக் காட்டுவது கணக்கு எழுதுவோரின் கடமை. பொருளை இடத்தில் போய்ப் பார்ப்பது மக்களின் கடமை. முன்னது நடவாத ஊரில் பின்னது நடக்காது.

மக்குவேனி காட்டும் வழி

இக்குறைகளுக்கு மாற்று உண்டா? கென்யாவிலேயே உண்டு. நாட்டின் தென்கிழக்கே வறண்ட நிலம் மிகுந்த மக்குவேனி கவுண்டி அதற்குச் சான்று. சட்டப் பேராசிரியரான கிவுதா கிப்வானா 2013 முதல் 2022 வரை அங்கு ஆளுநராய் இருந்தார். அவர் காலத்தில் சிற்றூரில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும் மக்கள் மன்றங்கள் அமைந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் மக்கள் கூடித் தம் தேவைகளை வரிசைப்படுத்துவர். பின் சிற்றூர்த் தொகுதி, துணை வட்டம், வட்டம், துணைக் கவுண்டி என மேலே சென்று கவுண்டி மன்றத்தில் முடிவாகும்.

இதுவரை சொன்னது முன்வாயில் ஏற்பாடே. மக்குவேனியின் உண்மையான புதுமை பின்வாயிலில் உள்ளது. ஒவ்வொரு பணிக்கும் அவ்வூர் மக்களே தேர்ந்த பணி மேலாண்மைக் குழு ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அக்குழுவுக்குத் தெரிவிக்கப்படும். வேலை நிறைவாய் முடிந்தது என்று அக்குழு கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். ஏட்டையும் இடத்தையும் ஒப்பிடும் சமூகத் தணிக்கையை, ஆண்டு முடிந்தபின் செய்யாமல் பணம் கைமாறுமுன்பே செய்வது இது. ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தின் தீர்மானத்தைவிட, பணத்தை நிறுத்திவைக்கும் ஒரு கையெழுத்துக்கு வலிமை அதிகம்.

எனினும் மக்குவேனியைக் கோயிலாக்கி வணங்கவேண்டியதில்லை. 2014-இல் அதே கவுண்டியில் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் வரவு செலவு பற்றி மூண்ட பூசல் ஆட்சியையே முடக்கியது. கவுண்டியைக் கலைத்துவிடுக என்று மக்களே விண்ணப்பித்தனர். ஆராய்ந்த ஆணையமும் அவ்வாறே பரிந்துரைத்தது. அதிபர் உகுரு கென்யாட்டா 2015-இல் அதனை ஏற்க மறுத்தார். நல்ல முறை இருந்தாலும் அதிகாரப் போட்டி எழாது என்பதற்கு உறுதியில்லை என்பதை இது காட்டுகிறது. மேலும், குழு உறுப்பினர் ஊருக்குள்ளே ஒப்பந்தக்காரரோடு வாழ்பவர். அவருக்கு நெருக்கடி வரும். கூலிவேலையை விட்டு வருபவர் எத்தனை நாள் ஊதியமின்றி உழைப்பார்? சிமெண்டுக் கலவையின் தரத்தை வெறுங்கண்ணால் எவ்வாறு அறிவார்? பொறியாளரின் துணையும் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லாவிடில் அக்கையெழுத்தும் நாளடைவில் சடங்காகிவிடும். ஓர் ஆளுநரின் நல்லெண்ணத்தில் பிறந்த முறை, அடுத்தவர் வரும்போதும் நிற்கவேண்டுமாயின் அது சட்டத்தில் வேரூன்ற வேண்டும்.

முடிவுரை

நம் ஆய்வின் முடிவைத் தொகுத்துரைப்போம். கென்ய அரசமைப்பு மக்கள் மேற்பார்வையை மதித்து இயற்றப்பட்டது, அதில் ஐயமில்லை. குறை, அம்மேற்பார்வையைச் செலவுக்கு முன்னுள்ள பேச்சில் நிறுத்திக்கொண்டதிலும், கண்காணிக்கப்படுபவரிடமே தலைமையைக் கொடுத்ததிலும், கணக்கை மக்கள் கண்டறியும் பொருளாய்க் காட்டாததிலும் உள்ளது. இவற்றைத் திருத்தப் புதிய அரசமைப்பு வேண்டியதில்லை. 137-ஆம் பிரிவின் மன்றத்துக்கு மக்கள் தரப்பிலிருந்து தலைவர் வரட்டும். காலாண்டுச் செலவறிக்கை வட்டந்தோறும் ஊர்ப்பெயரோடு மக்கள் மொழியில் ஒட்டப்படட்டும். புதிய ஆண்டின் பட்டியலைக் கேட்கும் கூட்டம், பழைய ஆண்டின் பட்டியலை முதலில் வாசித்துவிட்டுத் தொடங்கட்டும். பணி மேலாண்மைக் குழுவின் கையெழுத்து 47 கவுண்டிகளிலும் சட்டக் கட்டாயமாகட்டும்.

இவ்வளவையும் சொல்லும்போது எதிர்த்தரப்பார் ஒன்று கூறுவர்: மக்கள் ஒவ்வொன்றையும் கேட்கப் புகுந்தால் ஆட்சி நடக்காது, வேலை தாமதப்படும் என்று. தாமதம் ஓரளவு உண்மையே. ஆனால் மருந்தில்லாத மருந்தகத்தைக் கட்டி விரைவாய்த் திறந்து வைப்பதால் நோயாளிக்கு என்ன பயன்? காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் சுமந்து பல கல் நடந்து வரும் தாய்க்கு வேண்டுவது, அங்கே மருந்து இருப்பது. அது இருக்கிறதா என்று திங்கள்தோறும் போய்ப் பார்க்கும் உரிமை அத்தாய்க்கு இருக்குமானால், அவள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இடும் வாக்குக்கும் பொருள் உண்டாகும்.